மூணாவது கோனரில் எல்லாம் மஞ்சள்

அத்தியாயம் 14

போன வாரம் சன்னாசி வீட்டு வாசலில் இரண்டு பெட்டி வந்து இறங்கியது. மருமகள் லோகேஸ்வரி அதை யாருக்கும் காட்டாமல் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். உள்ளே என்ன இருக்கும் என்று ஒரு வாரமாக மண்டையைக் குடைந்துகொண்டவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டை. நூற்றிருபது சட்டை. அத்தனையும் மஞ்சள்.

மஞ்சளில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். அது இரண்டு பேருக்குத்தான் தெரியும். சன்னாசிக்கும் அவருடைய சின்ன மகன் குணாளனுக்கும்.

லாபு பக்கம் ரப்பர் மரம் வெட்டிப்போட்ட தோட்டத்து நிலத்தில், மாதம் ஒரு ஞாயிறு பழைய கார்களை விட்டுப் பந்தயம் நடத்துகிறார்கள். ரோட்டுக்கு ஆகாது என்று தள்ளிவிட்ட சாகா வண்டிகள்தான். கதவை வெல்டிங் வைத்து ஒட்டி, உள்ளே இரும்புக் குழாய் கட்டி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, செம்மண்ணில் பன்னிரண்டு சுற்று. முப்பத்திரண்டு வருஷமாக நடக்கிறது. முப்பத்திரண்டு வருஷமாகச் சன்னாசி மூணாவது கோனர் மேட்டில், அந்த மூன்றாவது வளைவில், நிற்கிறார். முன்பெல்லாம் அந்த மேட்டில் மொத்தமே ஒன்பது பேர். சம்பளம் போட்டிருந்தால் வாங்கிக் குடிக்கத் தண்ணீர், இல்லாவிட்டால் அதுவும் இல்லை. வெயிலில் கருகிப்போய்த்தான் பார்த்தார்கள்.

ஐந்து வருஷமாகக் குணாளன் ஓட்டுகிறான். லாபுவில் தேவதாஸ் வர்க்‌ஷாப்பில் போமென் வேலை, கார் மெக்கானிக். பதினேழாம் நம்பர் வண்டி.

இரண்டு வருஷத்துக்கு முன் பெரியவன் திருச்செல்வத்தைக் கட்டிக்கொண்டு சிரம்பானிலிருந்து லோகேஸ்வரி வந்தாள். முதல் நாள் மேட்டில் நின்று அவள் கேட்ட கேள்வி சன்னாசிக்கு இன்னும் ஞாபகம். "ஏன் மாமா, எல்லாரும் ஒரே எடத்தையே சுத்திச் சுத்தி வராங்க?"

அவள்தான் இன்றைக்கு ரசிகர் கூட்டத்துக்குத் தலைவி.

*

ஞாயிறு காலை. சன்னாசி துணிக்கொடியில் துழாவியபடி மனைவியைக் கூப்பிட்டார்.

"செல்லம்மா, என் மஞ்ச சட்ட எங்க?"

"கண்ணு முன்னாலதான் தொங்குது. அந்தக் கந்தலத் திருடிக்கிட்டுப் போக எவன் வரப் போறான்?"

லோகேஸ்வரி அறைக்குள்ளிருந்து வந்தாள். கையில் மடித்த புதுச் சட்டை.

"மாமா, இது உங்களுக்கு. மொத சட்ட உங்களுக்குத்தான்னு எடுத்து வச்சேன். குணாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. ஓட்டுறப்ப மேட்டப் பாத்து அசந்து போவணும்."

சன்னாசி விரித்துப் பார்த்தார். முதுகில் பெரிதாகப் பதினேழு. அதன் கீழே கொட்டை எழுத்தில் 'மூணாவது கோனர்'.

"இது என்னா பேரு?"

"எங்க குரூப்பு பேரு மாமா. முந்நூத்தி பத்துப் பேரு சேந்துட்டாங்க. நீலாய், செனாவாங், கிள்ளான்லேர்ந்துகூட வராங்க."

"அந்த மூணாவது கோனர் எங்க இருக்குன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"நீங்க நிக்கிற எடம்தானே மாமா. உங்க சட்டையப் பாத்துத்தான் கலரே மஞ்சள்னு வச்சேன்."

சன்னாசி நம்பவில்லை. இனிக்க இனிக்கப் பேசுகிறவர்களை அவர் என்றைக்கும் நம்பியதில்லை. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி சிரித்துப் பேசினால் அன்றைக்கு அரை நாள் சம்பளம் போய்விட்டது என்று அர்த்தம். அப்படி வளர்ந்தவர்.

"எனக்குச் சட்ட இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழைய சட்டையை மாட்டினார்.

"அவ ஆசையா குடுக்குறா. வாங்கிக்கிட்டா கை தேஞ்சிடுமா?" என்றாள் செல்லம்மா.

"ரெண்டு வருசம் பாத்தவ குடுத்து, முப்பத்திரெண்டு வருசம் பாத்தவன் போட்டுக்கணுமா?"

லோகேஸ்வரியின் முகம் சுருங்கியது. சட்டையை மறுபடி மடித்துப் பெட்டியில் வைத்தாள். அவள் பதில் பேசியிருந்தால் சன்னாசிக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

*

பத்து மணிக்கு மேட்டில் யாரும் இல்லாத நேரத்தில் சன்னாசி தன் வேலையைப் பார்த்தார்.

செருப்பைக் கழற்றிவிட்டு மூணாவது கோனரில் இறங்கி நடந்தார். குதிகாலால் மண்ணை அழுத்தினார். கிள்ளி எடுத்து விரலில் தேய்த்தார். இருபது வருஷம் தோட்டத்துத் தண்ணீர் லாரி ஓட்டியவர். எந்த மண்ணில் டயர் எப்போது வழுக்கும் என்று அவர் காலுக்குத் தெரியும்.

கோனருக்கு முன்னால் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. மற்ற ஓட்டுநர்கள் எல்லாரும் அந்தப் பலகையைப் பார்த்துப் பிரேக் போடுவார்கள். குணாளன் போடமாட்டான். அவன் அப்பாவைப் பார்த்துப் போடுவான்.

மண் காய்ந்திருந்தால் சன்னாசி பலகையைத் தாண்டிக் கோனர் பக்கமாகப் பதினைந்து எட்டு, அதாவது பதினைந்து காலடி, தள்ளி நிற்பார். ஈரமாக இருந்தால் ஐந்து எட்டு. செம்மண் புழுதியில், சாயங்கால வெயில் கண்ணில் அடிக்கும்போது, மேட்டில் ஒற்றை மஞ்சளாக ஒரு ஆள். அந்த ஆள் நேராக வரும்போது காலைப் பிரேக்கில் வைக்க வேண்டும். அந்தச் சில எட்டில்தான் குணாளன் மற்றவர்களைத் தாண்டுவான். இரண்டு வருஷக் கோப்பை அப்படித்தான் வந்தது.

வெளியே தெரிந்தால் மற்ற ஓட்டுநர்களும் சன்னாசியைப் பார்த்தே பிரேக் போடுவார்கள். அதனால் அப்பனும் மகனும் வாயைத் திறந்ததில்லை. செல்லம்மாவுக்குக்கூடத் தெரியாது.

முந்தின நாள் மழை பெய்திருந்தது. சன்னாசி எண்ணி நடந்தார். இன்றைக்கு ஏழே ஏழு எட்டு. அதற்கு மேல் போனால் வண்டி நிற்காது.

*

மூன்று மணிக்குக் கூட்டம் வந்து இறங்கியது.

பழைய ஆள்களில் மிச்சம் இருப்பது சன்னாசியும் சுகுமாறனும்தான். சுகுமாறன் பாலக் கட்டை, அதாவது காட்டு மரத்தடி, ஏற்றுகிற லாரியின் முன்னாள் டிரைவர். மடக்கு நாற்காலியோடு மேட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் ஒரு பையன் மூன்று கால் கம்பியை நட்டு அதில் போனை மாட்டினான். தர்மேந்திரன் என்று பெயர். நீலாயில் ஏதோ ஆபீஸ் வேலையாம்.

"அங்கிள், கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க. லைவ் போட்டுக்கிட்டிருக்கேன்."

"டேய், நீ பொறக்குறதுக்கு முன்னாலேர்ந்து நான் இங்க ஒக்காந்திருக்கேன்."

"அப்ப ரொம்ப நேரமாச்சு அங்கிள். எந்திரிச்சு ஒரு நட நடந்துட்டு வாங்கலா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சுகுமாறன் விடவில்லை.

"சரி, சொல்லு. நம்ம வண்டியில எந்த வருசத்து இன்ஜின் இருக்கு?"

"அது எதுக்கு அங்கிள்? ஜெயிக்குதுல்ல?"

"கேட்டியா சன்னாசி? ஜெயிக்கிறப்ப வந்த கும்பல். தோத்தா ஒருத்தன் இருக்கமாட்டான்."

சன்னாசியின் கண் வேறு பக்கம் இருந்தது. லோகேஸ்வரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடேறி வந்தாள். ஏறும்போதே கூட்டம் கத்தியது.

"அண்ணி! அண்ணி!"

ஒருவன் ஓடிவந்து பெட்டியை வாங்கினான். ஒரு பெண் குடை பிடித்தாள். பந்தயம் நடத்துகிற மலாய்க்காரர் மைக்கோடு வந்து, இன்றைக்குக் கொடியசைத்து ஆரம்பித்து வைக்கப் போவது லோகேஸ்வரிதான் என்று அறிவித்தார். ஒரே கைதட்டல்.

முப்பத்திரண்டு வருஷத்தில் சன்னாசிக்கு ஒருத்தன் ஒரு நாற்காலி போட்டதில்லை. படித்தவர்கள் இதற்கு ஏதாவது நல்ல பேர் வைத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்த பேர் பொறாமை.

சட்டைகள் கைமாறின. பத்து நிமிஷத்தில் மேடு முழுக்க மஞ்சள். பலகையிலிருந்து ஆரம்பித்து முப்பது எட்டு தூரம், தோளோடு தோள், சுவர் வைத்த மாதிரி.

சன்னாசி தன் ஏழாவது எட்டில் நின்றிருந்தார். இடப்பக்கம் மஞ்சள். வலப்பக்கம் மஞ்சள். பின்னால் மஞ்சள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

குணாளன் அந்தக் கோடியில், வண்டிகள் வரிசையாக நிற்கிற இடத்தில், ஹெல்மெட் மாட்டி உட்கார்ந்துவிட்டான். அங்கிருந்து இந்த மேடு தெரியாது. இனி யாரும் அவனிடம் போய்ப் பேசவும் முடியாது. ஆனால் இங்கே பேசலாம். "சட்டையக் கழட்டுங்க" என்று ஒரு சத்தம் போட்டால் போதும்.

அந்த நேரம் பார்த்து லோகேஸ்வரி அவர் பக்கத்தில் வந்து நின்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மாமா, ஒண்ணு கேக்கலாமா? நான் எடுத்த வீடியோ எல்லாத்தையும் போட்டுப் பாத்தேன். ஒவ்வொரு ரேசுக்கும் நீங்க வேற வேற எடத்துல நிக்கிறீங்க. ஆனா ரேசு முடியற வரைக்கும் அந்த எடத்த விட்டு நகர மாட்டேங்கிறீங்க. ஏன் மாமா?"

சன்னாசிக்குப் பகீரென்றது. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற சுகுமாறனுக்கு இத்தனை வருஷத்தில் தெரியாதது. இரண்டு வருஷத்தில் இவள் எங்கே வந்து கை வைக்கிறாள்! கூட்டம் இவளுக்கு, கொடி இவளுக்கு, சட்டை இவளுக்கு. மிச்சம் இருப்பது அவருக்கும் மகனுக்கும் நடுவில் இருக்கிற இந்த ஒன்றுதான். இதையும் எடுத்து அவள் கையில் கொடுக்க வேண்டுமா?

"வெயிலுக்குத்தான்" என்றார். "எங்க வெயில் கம்மியோ அங்க நிப்பேன்."

"அவ்ளோதானா?"

"வேற என்னா? போய்க் கொடி ஆட்டு. கூப்பிடுறாங்க."

அவள் ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு போனாள்.

*

கொடி விழுந்தது. பதினோரு வண்டி. கொடியோடு லோகேஸ்வரி மேட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

முதல் நான்கு சுற்று குணாளன் கூட்டத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டான். முன்னால் மூன்று, பக்கத்தில் இரண்டு. முன் வண்டி பிரேக் போட்டால் இவனும் போட வேண்டியதுதான். மேட்டைப் பார்க்கவே அவசியமில்லை. சன்னாசி மூச்சு விட்டார். இப்படியே போய்விட்டால் தேவலை என்றுகூட நினைத்தார்.

ஐந்தாவது சுற்றில் இரண்டு வண்டிகள் உரசிக்கொண்டு ஒதுங்கின. குணாளன் வெளியே வந்தான். முன்னால் ஒரே ஒரு சிவப்பு வண்டி.

"அண்ணன் வராரு! அண்ணன் வராரு!" தர்மேந்திரன் தொண்டை கிழியக் கத்தினான்.

சிவப்பு வண்டி பலகையில் பிரேக் போட்டது. குணாளன் போடவில்லை. வெளிப்பக்கமாக வந்தான். ஹெல்மெட் மேட்டுப் பக்கம் திரும்பியது.

தேடுகிறான்.

சன்னாசிக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஹெல்மெட் ஒரு தடவை இப்படி, ஒரு தடவை அப்படி. நூற்றிருபது மஞ்சளுக்கு நடுவில் தன்னை மட்டும் தேடுகிறான். அவளை இல்லை. அவள் கூட்டத்தை இல்லை. தன்னை.

கையைத் தூக்கியிருக்கலாம். இரண்டு கையும் சும்மாதான் இருந்தன, முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. தூக்கவில்லை. தேடட்டும், ஒரு சுற்று தேடிப் பார்க்கட்டும், கிடைக்காவிட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்வான், அப்போது தெரியும் யார் யார் எதற்கு நிற்கிறார்கள் என்று. இப்படித்தான் ஓடியது அவர் மனசு. இனித்தது. பொய் சொல்ல வேண்டாம், இனிக்கத்தான் செய்தது.

குணாளன் வேகத்தைக் குறைக்கவில்லை.

சுவரின் கடைசி மஞ்சளைத் தாண்டும்போதுதான் பிரேக் விளக்கு எரிந்தது. ஈர மண். நான்கு டயரும் பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் போயிற்று. மேடு முடிகிற இடத்தில் டயர் அடுக்கை மோதி, இரண்டு தடவை புரண்டு, செம்பனைத் தோட்டத்து ஓர அல்லூரில் கூரை கீழாக விழுந்தது. அல்லூர் என்றால் சாக்கடை வாய்க்கால். தண்ணீர் இருந்தது.

கூட்டம் அப்படியே நின்றது. முதலில் ஓடியது லோகேஸ்வரி. செருப்பு ஒரு பக்கம், கொடி ஒரு பக்கம்.

சன்னாசியால் நகர முடியவில்லை. ஏழாவது எட்டிலேயே நின்றுகொண்டிருந்தார்.

*

சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரி. மணி ஏழு.

உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டார்கள். இடது தோள் எலும்பு முறிவு, விலா எலும்பு இரண்டு. தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு மேலே சொல்கிறார்களாம்.

ஆம்புலன்ஸில் கூட வந்தது லோகேஸ்வரி. வழியெல்லாம் குணாளன் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னானாம். "அப்பாவக் காணோம் அண்ணி. மஞ்சள் எல்லாம் இருந்துச்சு, அப்பாவக் காணோம்." சன்னாசி சுகுமாறனின் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியபோது அவள் அவரைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது என்று அவருக்கு விளங்கியது.

செனாவாங் பேக்டரியிலிருந்து யூனிபாரத்தோடு திருச்செல்வம் வந்தான். நடந்ததையும் குணாளன் புலம்பியதையும் கேட்டுவிட்டுப் பெண்டாட்டி மேல் பாய்ந்தான்.

"உனக்கு எதுக்குடி இந்த வேல? சட்டையாம், குரூப்பாம். நூறு பேரக் கூட்டிவந்து அவன் கண்ண மறைச்சிருக்க!"

"ஆமா" என்றாள் லோகேஸ்வரி. "என் தப்புதான். நான் யோசிக்கல."

"யோசிக்கலையா? அப்பா பக்கத்துலதானே நின்னாரு? ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கேட்டேன் என்று சொல்லவில்லை.

சன்னாசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தன்னைக் காப்பாற்றுகிறாள். அதற்கு நன்றி வரவேண்டும். வரவில்லை. இதிலும் அவளே நல்லவளாகிவிட்டாளே என்றுதான் வந்தது. நாளைக்கு விஷயம் தெரிந்தால் முந்நூறு பேரும் சொல்வார்கள், அண்ணி மனசு தங்கம் என்று. பழியைக்கூட அவருக்கு மிச்சம் வைக்கவில்லை.

மலாய் நர்ஸ் கதவைத் திறந்தாள். ஒருத்தர் மட்டும் வரலாம், அப்பாவைக் கேட்கிறார் என்றாள்.

அப்பாவை. சன்னாசி சட்டென்று எழுந்தார். எழுந்த வேகத்தைப் பார்த்து அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

*

குணாளனின் தோளில் பெரிய கட்டு. காது மடிப்பில் இன்னும் செம்மண் ஒட்டியிருந்தது. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"எங்கப்பா நின்னீங்க?"

"மேட்டுலதான்டா. ஏழாவது எட்டு. மண்ணு ஈரம்."

"ஒரே மஞ்சளா இருந்துச்சுப்பா. எது நீங்கன்னு தெரியல. நேத்து மழைதான், ஆனா வெயிலு அடிச்சிச்சு, காஞ்சிருக்கும்னு நெனச்சேன். கடைசி மஞ்சள்தான் நீங்கன்னு போயிட்டேன்."

சன்னாசி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"கையத் தூக்கியிருக்கலாம்லப்பா."

வெளியே யாரோ தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சக்கரம் கிறீச்சிட்டது. அந்தச் சத்தம் போய்த் தேய்கிற வரைக்கும் சன்னாசி காத்திருந்தார். நல்ல பொய் இரண்டு மூன்று வாயில் வந்து நின்றன. கூட்டம் தள்ளிவிட்டது என்று சொல்லலாம். கண்ணில் புழுதி என்று சொல்லலாம்.

"தூக்கல" என்றார். "நீ தேடுனது தெரிஞ்சிச்சு. தேடட்டும்னு நின்னேன்."

"ஏன்?"

"எல்லாம் அண்ணி, அண்ணின்னாங்க. நீ ஒருத்தன்தான் என்னத் தேடுன. அது எனக்கு..."

குணாளன் திறந்திருந்த அந்த ஒரு கண்ணால் அவரையே பார்த்தான். திட்டுவான் என்று சன்னாசி நினைத்தார். திட்டினால் தேவலை என்று இருந்தது.

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அண்ணிய வரச் சொல்லுங்க."

சன்னாசி வெளியே வந்தார். திருச்செல்வம் இன்னும் பெண்டாட்டியைத் திட்டிக்கொண்டுதான் இருந்தான். அவள் இன்னும் வாங்கிக்கொண்டுதான் இருந்தாள். அவரைப் பார்த்ததும் இரண்டு பேரும் நிறுத்தினார்கள்.

சொல்வதற்கு இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, அவள் கேட்டாள், நான்தான் பொய் சொன்னேன் என்பது. இன்னொன்று, குணாளன் சொல்லி அனுப்பியது. முதலில் சின்னதைச் சொல்லிவிட்டுப் பெரியதற்கு வரலாம் என்று சன்னாசி கணக்குப் போட்டார்.

"லோகா, உள்ள போம்மா" என்றார். "உன்னத்தான் கேக்குறான்."

சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது, பெரியது அதுதான் என்று. அவள் போய்க் கதவு மூடிய பிறகும் அவர் மற்றதைச் சொல்லாமல் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். எதிரே திருச்செல்வம் நின்றுகொண்டு, "என்னாப்பா? என்னா சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.